கறள் பிடித்த கொம்பி வானை ஓடும் வீடாக்குவது எப்படி

முதலில் பெயின்ற் அடிக்காதீர்கள். நான் அடித்தேன். மாமாவின் வளவில் வேப்பமரத்துக்குக் கீழே பதினொரு வருடம் நின்ற 1973ஆம் ஆண்டு வோக்ஸ்வாகன் கொம்பி வானை (என்ஜின் பின்னால் இருக்கிற வகை) இழுத்து வந்து, மேலே வெள்ளை, கீழே கடல் நீலம் என்று வடிவாகப் பெயின்ற் அடித்து, ஒழுங்கையில் போகிறவர்கள் நின்று படம் எடுக்கிற அளவுக்குக் கொண்டுவந்தேன். மூன்றாவது கிழமை சாவகச்சேரிக்குப் போகும் வழியில் பெற்றோல் மணத்தது. பின்மூடியைத் திறந்து பார்த்தால், வெடித்துப்போன றபர் குழாயிலிருந்து பெற்றோல் சொட்டுச் சொட்டாகச் சூடான என்ஜின் மேல் விழுந்துகொண்டிருந்தது. அந்தக் குழாயின் விலை ஒரு சோற்றுப் பார்சல் காசு. பெயின்ற்றுக்கு எவ்வளவு என்று கேட்காதீர்கள், மனிசிக்கே இன்னும் சரியான கணக்குச் சொல்லவில்லை.

அதனால் நான் சொல்லப்போவதெல்லாம், காசைக் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் முதலில் போடுவது பற்றித்தான்.

வெளிநாட்டில் கரவன் என்றால் காருக்குப் பின்னால் கொளுவி இழுத்துப் போகிற பெட்டி வீடு. நம் ஒழுங்கைகளுக்கு அது சரிவராது. இரண்டு பக்கமும் வேலி, வளைவில் ஒரு மின்கம்பம், எதிரே ஒரு லான்ட்மாஸ்டர் உழவு மெசின் வந்தால் பின்னுக்கு எடுக்கவே அரை நாள் போகும். என்ஜினும் படுக்கையும் ஒரே உடம்பில் இருப்பதுதான் இங்கே வசதி. பழைய ஹைஏஸ் வானிலும் இதைச் செய்யலாம், கறளும் வயரும் யன்னல் றபரும் எல்லாப் பழைய வாகனத்துக்கும் ஒன்றுதான். நான் கொம்பியைப் பிடித்ததற்கு மாமாவின் வளவில் அது நின்றது ஒரு காரணம், சாமான் இன்னும் கிடைக்கிறது என்பது மற்றக் காரணம். ஜேர்மனியில் 1950இல் செய்யத் தொடங்கிய வான் இது. முன்கண்ணாடி ஒரே துண்டாக வளைந்த இரண்டாவது உடம்பு 1967இல் வந்தது, ஜேர்மனியில் 1979 வரை செய்தார்கள், பிரேசிலில் 2013 வரைக்கும் விடவில்லை. அதனால் ஐம்பது வயது வாகனம் என்றாலும் புதுச் சாமான் உலகத்தில் எங்கோ ஒரு மூலையில் செய்துகொண்டுதான் இருக்கிறார்கள்.

ஆளைப் பிடிப்பதுதான் கஷ்டம், ஆனால் அதில் யாழ்ப்பாணத்துக்கு ஒரு கொடுப்பினை உண்டு. 1990களில் பொருளாதாரத் தடைக்குள் பெற்றோல் இல்லாமல், நாலு துளி பெற்றோலைக் காபரேற்றருக்குள் விட்டு ஸ்ராட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெயில் ஒஸ்ரின் ஏ40ஐயும் மொறிஸ் மைனரையும் ஓடவிட்ட கைகள் இன்னும் ஒரு சில கராஜ்களில் இருக்கின்றன. அப்படி ஒரு ஐயாவைத் தேடிப் பிடியுங்கள். கொம்பியைத் தொட்டதே இல்லை என்று அவர் சொன்னாலும் பரவாயில்லை, காபரேற்றரின் சத்தத்தைக் காதால் கேட்டுப் பிடிக்கத் தெரிந்தவருக்கு மற்றதெல்லாம் ஒரு கிழமைப் பாடம். (உங்கள் கொம்பிக்கு மண்ணெண்ணெய் ஊற்றிப் பரிசோதிக்க வேண்டாம். அந்தக் காலம் வேறு, அந்தத் தேவை வேறு. ஒக்டேன் 92 பெற்றோல் அதற்குப் போதும்.)

வாங்க முதல்

வாகனப் புத்தகத்தைக் கேளுங்கள். இங்கே இடம்பெயர்வுகளில் புத்தகம் தொலைந்த வாகனங்கள் நிறைய, சொந்தக்காரர் கனடாவிலும் வான் கோண்டாவிலிலுமாக நிற்பதும் உண்டு. சேசிஸ் இலக்கம் என்ஜின் பெட்டிக்குள் தகரத்தில் அடித்திருக்கும், என்ஜின் இலக்கம் டைனமோத் தாங்கிக்குக் கொஞ்சம் கீழே இருக்கும். இரண்டையும் துடைத்துப் புத்தகத்தோடு ஒப்பிடுங்கள். நிறம், என்ஜின், இருக்கை எண்ணிக்கை என்று எதை மாற்றினாலும் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களப் பதிவிலும் மாற்ற வேண்டும் என்பதால், கதிரைகளைக் கழட்டி எறிய முதல் போய் விசாரித்துவிடுங்கள். 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்திய பிறகு கோழி அடைகாத்த வாகனத்துக்கும் விலை ஏறிவிட்டது. 2025இல் திரும்பத் திறந்துவிட்டார்கள்தான், ஆனால் பழைய வாகனக்காரர் ஏறின மரத்திலிருந்து இறங்குவதாய் இல்லை. பேரம் பேசுங்கள்.

பிறகு கறள். ஒரு காந்தத் துண்டை மெல்லிய துணியில் சுற்றி, கீழ்ப்பக்கத் தகரம் நெடுக நகர்த்திப் பாருங்கள். ஒட்டாமல் நழுவுகிற இடத்தில் தகரம் இல்லை, ஓட்டையை மறைக்கப் பூசிய பட்டிதான் இருக்கிறது. முன்கதிரைக்கு முன்னால் கால் வைக்கிற இடத்தில் விரிப்பைக் கிளப்பி, ஸ்குறூ டிறைவரின் பிடியால் தட்டுங்கள். 'டங்' என்றால் சரி, 'பொத்' என்றால் அங்கே வெல்டிங் காத்திருக்கிறது. பற்றரி நிற்கிற தட்டு, சில்லு வளைவுகள், இழுவைக் கதவின் அடி, கூரைப் பீலி, ஜக் வைக்கிற இடங்கள் எல்லாம் அப்படித்தான். வெட்கப்படாமல் கீழே படுத்துப் பாருங்கள், விற்கிறவர் முகம் மாறுகிற இடத்தில் கொஞ்சம் கூட நேரம் மினக்கெடுங்கள்.

என்ஜினுக்கு ஒரே ஒரு சோதனை சொல்கிறேன். என்ஜினை நிற்பாட்டிவிட்டு, பின்னால் கீழே தெரிகிற பெரிய கப்பியை இரண்டு கையாலும் பிடித்து முன்னுக்கும் பின்னுக்கும் தள்ளி இழுங்கள். அது சுழலலாம், ஆனால் உள்ளே வெளியே என்று அசைந்து 'டக்' என்று தட்டக்கூடாது. தட்டினால் உள்ளே பெயாரிங் போய்விட்டது, முழு என்ஜினையும் பிரிக்க வேண்டும். அந்தக் காசை விலையில் கழித்துக் கேளுங்கள்.

வேலையின் ஒழுங்கு

பெற்றோல் குழாய்தான் முதலாவது. இந்த என்ஜினின் உடம்பு மக்னீசியம் கலந்த வார்ப்பு. தீப்பிடித்துவிட்டால் தண்ணீர் ஊற்றுவது நெருப்புக்கு நெய் வார்த்த மாதிரி. அதனால் எல்லா றபர் குழாயையும் ஒன்றும் விடாமல் மாற்றுங்கள், ஒவ்வொரு முனைக்கும் கிளிப் போடுங்கள். காபரேற்றருக்குள் பெற்றோல் போகிற பித்தளை மூக்கை விரலால் ஆட்டிப் பாருங்கள், பழசில் அது தளர்ந்து கழன்று விழும். பெற்றோல் வடிகட்டியைச் சூடான என்ஜினுக்கு மேலே தொங்கவிடாமல் பெற்றோல் தாங்கிக்குக் கீழே, வாகனத்துக்கு அடியில் பூட்டுங்கள். பெற்றோல் தாங்கியைக் கழட்ட என்ஜினை இறக்கியாக வேண்டும். பயப்பட வேண்டாம், நாலு போல்ற்றும் பின் தாங்கியும்தான், நல்ல ஜக்கும் இரண்டு பேரும் இருந்தால் ஒரு காலைப்பொழுது வேலை. இறக்கியபோதே தாங்கியைக் கழுவி, மேலே எட்டாத குழாய்களையும் மாற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் ஆறு மாதத்தில் திரும்ப இறக்க வேண்டி வரும். சாரதிக் கதிரைக்குப் பக்கத்தில் உலர்தூள் தீயணைப்பான் ஒன்று. படுக்கைக்கு அடியில் வைத்தால் வைக்காததற்குச் சமம்.

இரண்டாவது பிறேக். பிறேக் ஒயில் காற்றிலிருக்கிற ஈரத்தை உறிஞ்சும், நின்ற வாகனத்தில் அந்த ஈரம் சிலிண்டர்களுக்குள் கறளாகிவிடும். றபர் குழாய் வெளியே பார்க்க நல்லாகத்தான் இருக்கும், உள்ளே வீங்கி அடைத்திருக்கும்: மிதித்தால் பிடிக்கும், காலை எடுத்தால் விடாது. ஓடி வந்து நிற்பாட்டியதும் நாலு சில்லுக்கும் பக்கத்தில் கையை வைத்துப் பாருங்கள், ஒன்று மட்டும் கொதித்தால் அங்கேதான் குற்றம். ரயரில் பூவைப் பார்க்காதீர்கள், பக்கச் சுவரில் இருக்கிற நாலு இலக்கத்தைப் பாருங்கள். 2318 என்றால் 2018இன் 23ஆவது கிழமையில் செய்தது. பூ புதிதாக இருந்தாலும் வயது போன ரயர் வெடிக்கும். கார் ரயரும் போட வேண்டாம், பாரம் தாங்குகிற 14 அங்குல வான் ரயராக வாங்குங்கள்.

மூன்றாவது, என்ஜினின் சூடு. ரேடியேற்றர் இல்லை, தண்ணீர் இல்லை, ஒரு விசிறி காற்றை அடித்துத்தான் குளிர்விக்கிறது. அந்தக் காற்று வழிதவறாமல் போவதற்குத் தகர மூடிகளும் சுற்றிவர றபரும் வைத்திருக்கிறார்கள். நம் கராஜ்களில் 'இதென்ன தேவையில்லாத தகரம்' என்று கழட்டி மூலையில் போட்டுவிடுவார்கள். போடவிடாதீர்கள்! ஒவ்வொரு துண்டும் வேண்டும், இல்லாவிட்டால் கீழேயிருக்கிற சூட்டையே விசிறி திரும்ப உறிஞ்சும். அந்த விசிறியைச் சுற்றுவதும் டைனமோவைச் சுற்றுவதும் ஒரே பெல்ற். ஆகவே ஓடும்போது சிவப்பு சார்ஜ் லைட் எரிந்தால், பற்றரி பிரச்சினைதானே, வீட்டுக்குப் போய்ப் பார்ப்போம் என்று நினைக்கக்கூடாது. என் மச்சான் ஒருவர் அப்படித்தான், கொடிகாமம் இன்னும் இரண்டு கட்டைதானே என்று ஓடினார், கொடிகாமத்துக்கு வானை லொறியில்தான் ஏற்றிக்கொண்டு போனார். லைட் எரிந்தால் உடனே ஓரங்கட்டி நிற்பாட்டுங்கள். புதுப் பெல்ற் ஒன்றும் அதைக் கழட்டிப் பூட்டுகிற சாவியும் எப்போதும் வாகனத்தில் இருக்கட்டும், வீட்டிலேயே இரண்டு தரம் பூட்டிப் பழகுங்கள். பெருவிரலால் அழுத்தினால் அரை அங்குலம் போல இறங்குவதுதான் சரியான இறுக்கம்.

இந்த என்ஜினுக்கு ஒயில் வடிகட்டியும் இல்லை, ஒரு வலைச் சல்லடை மட்டும்தான். மொத்தமே இரண்டரை லீற்றர் ஒயில், 5000 கிலோமீற்றருக்கு ஒருதரம் மாற்றுங்கள், அப்போதே வால்வு இடைவெளியையும் பாருங்கள்: 0.15 மில்லிமீற்றர், என்ஜின் முழுக்கக் குளிர்ந்திருக்க வேண்டும். நான் காலையில் தேத்தண்ணிக்கு முதல் செய்வேன்.

நாலாவதுதான் கறள், அதற்குப் பிறகே பெயின்ற். கறளுக்கு மேலே தகரத் துண்டை ஒட்டி மூடுகிற வேலையை யாரும் சொன்னால் எழும்பி வந்துவிடுங்கள். கறளை முழுக்க வெட்டி எடுத்து, நல்ல தகரத்தில் புதுத் துண்டை வெல்டிங் செய்து, சிங்க் பிரைமர் அடித்து, ஒட்டுகளைச் சீலர் போட்டு அடைத்து, உட்குழிகளுக்குள் மெழுகு தெளிக்க வேண்டும். பழைய என்ஜின் ஒயிலைக் கீழே அடிப்பது நம் ஊர்ப் பழக்கம். தகரத்துக்குக் கொஞ்சம் நல்லதுதான், ஆனால் றபர் எல்லாவற்றையும் தின்றுவிடும், கிணற்றடி மண்ணுக்கும் கூடாது. சுண்ணாம்புக்கல் நிலத்தில் ஊற்றுவது எங்கே போய்ச் சேரும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

பெயின்ற் அடிக்கக் காலம் பார்க்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் மழை விடாது. வைகாசியிலிருந்து ஆவணி வரை சோழகக் காற்று புழுதியைக் கொண்டுவந்து ஈரப் பெயின்ற்றில் ஒட்டும். மாசி, பங்குனிதான் நல்லது, அதிலும் காலைப் பனி காய்ந்து ஒன்பது மணிக்குப் பிறகு. கூரை மட்டும் எதைச் சொன்னாலும் வெள்ளை, சித்திரை வெயிலில் அதன் அருமை தெரியும்.

கண்ணாடி பூட்டுகிற வித்தை

இதை நான் குருநகரில் வலைச் சாமான் கடையில் வாங்கிய நைலோன் கயிற்றால் செய்தேன். புது றபரைக் கண்ணாடியைச் சுற்றிப் போட்டு, றபரின் உட்பள்ளத்துக்குள் கயிற்றைச் சுற்றிவர வையுங்கள், இரண்டு முனையும் கீழே நடுவில் சந்தித்து வானின் உள்பக்கமாகத் தொங்கட்டும். சவர்க்காரத் தண்ணீரைத் தாராளமாகத் தடவுங்கள். ஒருவர் வெளியே நின்று கண்ணாடியை உள்ளங்கையால் அழுத்த, மற்றவர் உள்ளே இருந்து கயிற்றை ஆறுதலாக இழுத்துக்கொண்டு போனால், றபரின் உதடு தகரத்துக்கு மேலாக ஏறி உட்காருவதைக் கண்ணாலே பார்க்கலாம். சந்தோசமான வேலை. ஒழுகினால் சிலிக்கன் பூசி ஏமாற்றாதீர்கள். சிலிக்கனுக்கு அடியில் தண்ணீர் நின்று, மூன்று மாரியில் யன்னல் ஓரத்தையே தின்றுவிடும்.

உள்ளுக்கு வீடு

இதில் எல்லோரும் ஆடம்பரம் செய்கிறார்கள். எனக்கு ஆறடிப் படுக்கை ஒன்று, அதற்கு அடியில் பெட்டிகள், மடக்கு மேசை ஒன்று, இருபது லீற்றர் தண்ணீர்க் கலன் இரண்டு, அவ்வளவுதான். மெரின் பிளைவுட் போடுங்கள், பனை மரம் வடிவுதான் ஆனால் பாரம். மெத்தையைக் குசன் கடையில் கனமான ஸ்பொஞ்சில் வெட்டுவியுங்கள், மேலே ரெக்சின் வேண்டாம், நம் சூட்டில் முதுகு ஒட்டும். பருத்தித் துணி, அதற்கு மேலே பனம்பாய். யன்னல்களுக்கு நுளம்பு வலை முக்கியம், மாரியில் டெங்குக் காலத்தில் அது இல்லாமல் ஒரு இரவும் படுக்க ஏலாது.

மின்சாரத்துக்கு என்ஜின் பற்றரியைத் தொடாதீர்கள், தனியாக ஒரு ஆழ்சுழற்சிப் பற்றரி (மெதுவாக எடுத்துத் திரும்பத் திரும்ப ஏற்றுவதற்கென்றே செய்தது) வையுங்கள். கணக்கு இலேசு: 12 வோல்ற் மேசை விசிறி 2 அம்பியர் எடுத்தால் எட்டு மணி நித்திரைக்கு 16 அம்பியர் மணி. கூரையில் 100 வாற் சூரியத் தகடு ஒன்று நல்ல வெயிலில் ஒரு நாளில் 30, 40 அம்பியர் மணி வரை தரும். விசிறி, நாலு லைட், போன் இவ்வளவுக்கும் தாராளம். ஈயப் பற்றரியைப் பாதிக்குக் கீழே இறக்கினால் கெதியாகச் செத்துப்போகும். கிணற்றுத் தண்ணீரை அதற்குள் ஊற்ற வேண்டாம், நம் தண்ணீரில் இருக்கிற கல் கேத்தலில் படிகிறது மாதிரி அங்கேயும் படியும்.

சமையல் வெளியே. 2.3 கிலோ சிலிண்டரும் ஒற்றை அடுப்பும் போதும். காஸ் காற்றைவிடப் பாரம், கசிந்தால் தரையில்தான் தேங்கும், அதனால் சிலிண்டர் பெட்டியின் அடியில் வெளியே போகிற மாதிரி ஒரு துவாரம் இருக்கட்டும். ஒருதரம் மழைக்குப் பயந்து உள்ளே இருந்து சூடை மீன் பொரித்தோம். நல்லூர்த் திருவிழாவுக்குக் கொடி ஏறும்வரை அந்த மணம் போகவில்லை, வீட்டில் எல்லோரும் சைவமாகி வானுக்குள் ஏறவே மாட்டோம் என்றார்கள்.

ஓடத் தொடங்கினால்

முதல் பயணம் ஒரு இரவுக்கு மேல் வேண்டாம். காரைநகர்ப் பாலத்தைத் தாண்டிக் கசூரினாவுக்கோ, சாட்டிக்கோ, மணற்காட்டுச் சவுக்கமரங்களுக்கோ போய்ப் படுத்து எழும்பி வாருங்கள். என்ன மறந்தோம், எது ஆடுகிறது, எங்கே ஒழுகுகிறது என்று அந்த ஒரு இரவு சொல்லிவிடும், உதவிக்கு மச்சானைக் கூப்பிட்டாலும் அரை மணியில் வந்துவிடுவார். அடுத்தது குறிகட்டுவான்: வானைத் துறையடியில் விட்டுவிட்டு நயினாதீவுக்கோ நெடுந்தீவுக்கோ படகில் போய் வரலாம். அதன் பிறகு சங்குப்பிட்டிப் பாலத்தால் பூநகரி, மன்னார் என்று ஏ32 பாதை. வெளியான, காற்றான பாதை, எதிர்க்காற்றில் கொம்பியின் தட்டை மூக்கு படுகிற பாட்டைப் பார்க்கலாம். பக்கக்காற்றில் வான் அலையும், ஸ்ரியறிங்கை இறுக்கிப் பிடித்துச் சண்டை பிடிக்காமல் வேகத்தைக் குறையுங்கள்.

தெற்கே போவதென்றால் விடிய நாலரைக்கு வெளிக்கிடுங்கள், வெயில் ஏற முதல் வவுனியாவைத் தாண்டிவிடலாம். முறிகண்டியில் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கி, அந்த இடைவெளியில் பெல்ற்றையும் ஒயிலையும் பாருங்கள். எங்கள் வானில் அது ஒரு வழக்கமாகிவிட்டது: மனிசி பிள்ளையாரிடம், நான் பின்மூடியிடம். கண்டி வரை ஏ9 321 கிலோமீற்றர், அறுபது அறுபத்தைந்துக்கு மேல் அழுத்தாமல் போனால் கொம்பி முகம் சுளிக்காது. இரவில் ஓட வேண்டாம், மாங்குளத்துக்கு அங்கால் யானை றோட்டில் நிற்கும், கொம்பியில் உங்கள் முழங்காலுக்கும் யானைக்கும் நடுவில் ஒரு தகரம்தான்.

மலையில்தான் பலர் என்ஜினைக் கெடுக்கிறார்கள். நுவரெலியா 1868 மீற்றர் உயரம், யாழ்ப்பாணத்து மட்ட நிலத்தில் ஓடிப் பழகிய நமக்கு ஏற்றம் என்பதே புதிது. ஏறும்போது மேல் கியரில் முனகவிடாதீர்கள். என்ஜின் மெதுவாகச் சுற்றினால் விசிறியும் மெதுவாகத்தான் சுற்றும், சூடு ஏறும். ஒரு கியர் குறைத்து, சத்தம் கொஞ்சம் கூடினாலும் சுறுசுறுப்பாகச் சுற்றவிடுங்கள். பின்னால் வருகிறவர் ஹோன் அடித்தால் அடிக்கட்டும், இடம் வந்தால் ஒதுங்கி விடுங்கள். இறங்கும்போதும் அதே கியர்தான், பிறேக்கில் காலை வைத்துக்கொண்டே இறங்கினால் அடிவாரத்தில் பிறேக் இருக்காது.

படுக்க இடம் தேடுவது இங்கே கஷ்டமில்லை, கேட்டுவிட்டுப் படுக்க வேண்டும். கோயில் மடமோ, கடையோ, யாருடைய வளவோ, 'ஐயா, இரவைக்கு ஒரு ஓரமாக நிற்பாட்டவா' என்றால் பெரும்பாலும் தேத்தண்ணியும் வரும். முகமாலைப் பக்கம் மட்டும் சிவப்பு மண்டையோட்டு அடையாளம் கண்டால் றோட்டை விட்டு ஒரு அடி இறங்காதீர்கள், ஒன்றுக்குப் போகக்கூட.

திரும்பி வந்ததும் சாமான் இறக்க முதல் வானின் அடியைக் கழுவுங்கள். தாம்போதிகளிலும் ஆனையிறவிலும் ஒட்டிவந்த உப்பு ஒரு இரவு நின்றாலே வேலையைத் தொடங்கிவிடும். நல்ல தண்ணீர்க் கிணற்றில் கழுவ வேண்டும். சவர்த்தண்ணீரால் கழுவினால் உப்புக்கு உப்பு. எங்கள் வீட்டுக் கிணறு சவர், அதனால் நான் ஒவ்வொரு தரமும் மாமா வீட்டுக்குத்தான் ஓட்டிப் போகிறேன், அவர் வேப்பமரத்துக்குக் கீழே கதிரையைப் போட்டுக்கொண்டு, 'பின் சில்லடி விட்டுப்போச்சுத் தம்பி' என்று குறை சொல்லிக்கொண்டிருப்பார்.